சுண்டெலியின் சென்ட்ரோமியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரணு பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு சேய் உயிரணுக்களுக்கும் பிழையின்றிப் பங்கிடும் பணி சென்ட்ரோமியர் என்ற பகுதியைச் சார்ந்தது. இப்பகுதி எவ்வாறு உருவாகிறது, தலைமுறை தோறும் அதே இடத்தில் எவ்வாறு நிலைக்கிறது என்பவற்றை ஆராய ஆய்வகச் சுண்டெலியைப் போல உதவிய பாலூட்டி வேறில்லை என்றே சொல்லலாம். உயிரியல் பயிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் இது குறித்துத் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன.

சென்ட்ரோமியர் என்ன செய்கிறது?

இரட்டித்த குரோமோசோமின் ஒத்த இரு பிரதிகளான குரோமாட்டிடுகளும் கடைசிவரை ஒன்றாகப் பிணைந்திருக்கும் பகுதி சென்ட்ரோமியர். அதன்மீது கைனிட்டோகோர் என்ற பெரிய புரதத் தொகுதி கட்டமைகிறது. கதிர்கோல் இழைகளான நுண்குழல்கள் வந்து பற்றுவது இந்தத் தொகுதியைத்தான். பற்று சரியாக அமையாவிட்டால் ஒரு சேய் உயிரணுவுக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாகவும் மற்றதற்கு ஒன்று குறைவாகவும் போய்ச் சேரும். ஒரு குரோமோசோமில் ஓர் இடத்தில் மட்டுமே சென்ட்ரோமியர் செயல்பட வேண்டும் என்பதும் கட்டாயம். இரண்டு இடங்களில் செயல்பட்டால் எதிரெதிர்த் துருவங்களுக்கு இழுபட்டுக் குரோமோசோம் அறுந்துபோக நேரும்.

சுண்டெலியின் குரோமோசோம்கள் மனிதக் குரோமோசோம்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?

வீட்டுச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள் உண்டு. 19 இணை உடற்குரோமோசோம்களும் ஓர் இணைப் பால் குரோமோசோம்களும் சேர்ந்தது இக்கணக்கு. மனிதரில் சென்ட்ரோமியர் சில குரோமோசோம்களில் நடுவிலும் சிலவற்றில் ஓரத்திலும் அமைந்திருக்க, சுண்டெலியில் ஒய் குரோமோசோம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் அது ஒரு முனையிலேயே அமைந்துள்ளது. மைட்டாசிஸ் எனும் உடல் உயிரணுப் பிரிவின் நடுநிலையில் (மெட்டாஃபேஸ்) நிறுத்திச் சாயமேற்றிய தயாரிப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், மனிதரில் காணும் எக்ஸ் வடிவங்களுக்குப் பதிலாகத் தலைகீழான வி வடிவங்களே நிறைந்திருக்கும். அளவில் படிப்படியாகக் குறைந்து, வடிவத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இந்தக் குரோமோசோம்களைப் பட்டைச் சாயங்கள் வருவதற்கு முன்பு எண்ணிட்டு அடையாளம் காண்பது மிகக் கடினமாக இருந்தது.

இந்த ஒருமைப்பாடு ஆய்வாளருக்கு ஒரு வாய்ப்பு. ஏறத்தாழ எல்லாக் குரோமோசோம்களிலும் ஒரே டி.என்.ஏ. வரிசைகள் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதால், ஓரிடத்தில் கண்டறிந்ததைப் பிறவற்றுக்கும் பெரும்பாலும் பொருத்திப் பார்க்க முடிகிறது. மனிதரில் ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியரும் தனக்கே உரிய அடுக்கமைப்பைக் கொண்டிருப்பதால் இந்த வசதி அங்கில்லை.

அந்த முனையில் உள்ள டி.என்.ஏ. எந்த ஒழுங்கில் அமைந்துள்ளது?

குரோமோசோமின் நுனியிலிருந்து உள்நோக்கிச் சென்றால் முதலில் வருவது, அந்த நுனியைக் காக்கும் டெலோமியர். அதையடுத்து, சில ஆயிரம் கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) மட்டுமே நீளும் ஒரு குறுகிய இடைவெளி. எல்-1 என்ற தாவும் டி.என்.ஏ. கூறின் துண்டும், டி.எல்.சி. எனப் பெயரிடப்பட்ட ஒரு தொடர் மீள்வரிசையும் அந்த இடைவெளியில் உள்ளன. அதைத் தாண்டியவுடன் சிறிய சாட்டிலைட் என்ற மீள்வரிசை அடுக்கு தொடங்குகிறது. இதன் அடிப்படை அலகு 120 கார இணை நீளமுள்ளது. அந்த அலகு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, குரோமோசோம் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 லட்சம் கார இணைகள் வரை நீள்கிறது. கைனிட்டோகோர் அமர்வது இந்தப் பகுதியில்.

அதற்கும் உள்ளே பெரிய சாட்டிலைட் வருகிறது. இதன் அலகு 234 கார இணைகள். மொத்த நீளம் குரோமோசோம் ஒன்றுக்கு 60 லட்சம் கார இணைகள் அளவில் இருக்கும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பீடு. குரோமோசோமுக்குக் குரோமோசோம் இது வேறுபடும். இந்தப் பகுதி சென்ட்ரோமியரைச் சுற்றியமைந்த பகுதி என்ற பொருளில் பெரிசென்ட்ரோமியர் எனப்படுகிறது. அதையும் கடந்த பின்னரே மரபணுக்கள் அமைந்த நீண்ட கை தொடங்குகிறது.

ஒய் குரோமோசோம் இந்த ஒழுங்குக்கு விலக்கு. அதற்குச் சிறிய கை ஒன்று தெளிவாக உண்டு. பெரிய சாட்டிலைட் கிடையாது. அதன் சென்ட்ரோமியரில் இருப்பது சிறிய சாட்டிலைட்டிலிருந்து பெரிதும் விலகிச் சென்ற ஒரு வரிசை. அதன் நீளமும் ஏறத்தாழ 90 ஆயிரம் கார இணைகள் மட்டுமே.

இந்த வரிசைகள் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டன?

1961-இல் சால் கிட் என்பவர் சுண்டெலியின் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் இட்டு மிகு வேகத்தில் சுழற்றியபோது, முதன்மைப் பட்டையிலிருந்து தனியே பிரிந்து, அதைவிட அடர்த்தி குறைந்த சிறு பட்டை ஒன்று மேலே நின்றது. மொத்த டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதில் இருந்தது. அடினினும் தைமினும் மிகுந்திருப்பதே அடர்த்தி குறைவுக்குக் காரணம். துணைக்கோள் போல முதன்மைப் பட்டையின் அருகே நின்றதால் அதற்குச் சாட்டிலைட் என்ற பெயர் அமைந்தது. அது உயிரணுவின் எந்த இடத்தில் உள்ளது என்பது 1970-இல் தெளிவாயிற்று. கதிரியக்கம் ஏற்றிய சாட்டிலைட் வரிசைகளைக் கண்ணாடித் தகட்டில் உள்ள குரோமோசோம்களோடு இணையச் செய்த மேரி லூ பார்டுவும் ஜோசஃப் காலும், சமிக்ஞை சென்ட்ரோமியர்ப் பகுதிகளில் திரண்டிருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் கண்டது இன்று பெரிய சாட்டிலைட் என வழங்கும் வரிசை. சிறிய சாட்டிலைட் 1980-களில்தான் தனியே அடையாளம் காணப்பட்டது.

நுண்ணோக்கியில் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும், வியக்கத்தக்க எளிமையுடன் முடியும். டாப்பி என்ற சாயம் அடினின்-தைமின் மிகுந்த டி.என்.ஏ.வில் கூடுதலாக ஒளிரும். பிரியாத நிலையிலுள்ள சுண்டெலி உயிரணுவின் உட்கருவை அச்சாயத்துடன் பார்த்தால், மங்கலான நீலப் பரப்பின் நடுவே பளிச்சென்ற உருண்டைகள் பல தெரியும். ஒவ்வோர் உருண்டையும் வெவ்வேறு குரோமோசோம்களின் பெரிய சாட்டிலைட் பகுதிகள் ஒன்றுகூடி அமைந்த திரள்; குரோமோசென்டர் என்பது அதன் பெயர். 40 குரோமோசோம்கள் இருந்தும் உருண்டைகள் அதைவிடக் குறைவாகவே தென்படுவதற்கு இந்தத் திரட்சியே காரணம். எண்ணிக்கை உயிரணு வகைக்கேற்ப மாறும்.

அதே உட்கருவில் சிறிய சாட்டிலைட்டை வேறொரு நிறத்தில் குறித்தால், அவை குரோமோசென்டரின் உள்ளே கலந்துவிடாமல் அதன் விளிம்பில் தனித்தனிச் சிறு புள்ளிகளாக நிற்பதைக் காணலாம். டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு பகுதிகள் உட்கருவில் தெளிவாகப் பிரிந்து நிற்பது, அவை இரண்டும் வெவ்வேறு வகைக் குரோமாட்டின்கள் (டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த அமைப்புகள்) என்பதற்கு நேரடிச் சான்று. மாணவர்களுக்கு இத்தலைப்பை அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர் முதலில் காட்ட வேண்டியது இந்தப் படத்தைத்தான் என்பது என் கருத்து.

அப்படியானால், சிறிய சாட்டிலைட் எங்கே இருக்கிறதோ அங்கே சென்ட்ரோமியர் அமையும் என்று சொல்லிவிடலாமா?

இயல்பான சுண்டெலிக் குரோமோசோம்களில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது உண்மை. ஆனால் முன்னது பின்னதற்குப் போதிய காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஒய் குரோமோசோமில் பொதுவான சிறிய சாட்டிலைட் இல்லை, சென்ட்ரோமியர் உண்டு. பிற பாலூட்டிகளையும் பார்த்தால் விலக்குகள் இன்னும் தெளிவாகின்றன. குதிரையின் 11-ஆம் குரோமோசோமில் சாட்டிலைட் வரிசை ஏதுமற்ற சாதாரண டி.என்.ஏ.மீது சென்ட்ரோமியர் செயல்படுகிறது. மனிதரில் அரிதாக, குரோமோசோமின் கையில் மீள்வரிசை அற்ற இடத்தில் புதிய சென்ட்ரோமியர் தோன்றி, உயிரணுப் பிரிவுகள் பலவற்றைக் கடந்து நிலைத்திருப்பதும் 1993 முதல் அறியப்பட்டுள்ளது. சிறிய சாட்டிலைட் அடுக்கிலும்கூட, முழு நீளமும் கைனிட்டோகோரைத் தாங்குவதில்லை. ஒரு பகுதியே அப்பணியில் ஈடுபடுகிறது.

எனவே இடத்தை அடையாளப்படுத்துவது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசைக்கு மேலாக அமைந்த வேறொன்று. அது சென்ப்-ஏ என்ற புரதம்.

சென்ப்-ஏ என்பது என்ன?

டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களின் மீது சுற்றப்பட்டு நியூக்ளியோசோம் என்ற அலகாக அமைகிறது. வழக்கமான நியூக்ளியோசோமில் எச்-3 என்ற ஹிஸ்டோன் இருக்கும் இடத்தில், சென்ட்ரோமியரில் மட்டும் சென்ப்-ஏ என்ற அதன் மாற்று வடிவம் அமர்ந்திருக்கும். ஒருவகைத் தோல் இறுக்க நோயாளிகளின் இரத்தநீரில் சென்ட்ரோமியரைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைப் பயன்படுத்தி, வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் 1985-இல் சென்ப்-ஏ, சென்ப்-பி, சென்ப்-சி ஆகிய மூன்று புரதங்களை அடையாளம் கண்டார்கள்.

வழக்கமான நியூக்ளியோசோம் 147 கார இணைகளை இறுகப் பற்றியிருக்கும். சென்ப்-ஏ அமைந்ததோ ஏறத்தாழ 120 கார இணைகளையே அவ்வாறு பற்றுகிறது, இரு முனைகளும் சற்று நெகிழ்ந்திருக்கும். சிறிய சாட்டிலைட்டின் அலகும் 120 கார இணைகள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சுண்டெலியின் சென்ப்-ஏ நியூக்ளியோசோம்களைப் பிரித்தெடுத்து வரிசை கண்டபோது, அலகுக்குள் அவை அமரும் இடம் பெரும்பாலும் ஒன்றேயாக இருந்தது. ஆக, எழுத்து வரிசை இடத்தைத் தீர்மானிக்காவிட்டாலும், சென்ப்-ஏ வசதியாக அமரத்தக்க இருக்கையை ஆயிரக்கணக்கில் பெருக்கித் தருகிறது.

சென்ப்-ஏ மரபணுவின் இரு பிரதிகளையும் இழந்த சுண்டெலிக் கரு, கருத்தரித்த ஆறரை நாளுக்கு மேல் பிழைப்பதில்லை. தாயின் முட்டையிலிருந்து வந்த புரதம் தீரும்வரை சில பிரிவுகள் நடக்கும். பிறகு குரோமோசோம்கள் சிதறிச் சிறு உட்கருக்களாகக் கிடக்கும்.

உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் சென்ப்-ஏ பாதியாகக் குறையுமே; அது எவ்வாறு ஈடுசெய்யப்படுகிறது?

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஏற்கெனவே உள்ள சென்ப்-ஏ நியூக்ளியோசோம்கள் இரு புதிய இழைகளுக்கும் பங்கிடப்படுகின்றன. அப்போது புதிய சென்ப்-ஏ சேர்க்கப்படுவதில்லை என்பதால், மைட்டாசிஸுக்குள் நுழையும் ஒவ்வொரு குரோமாட்டிடும் பாதியளவையே தாங்கியிருக்கும். பிரிவு முடிந்து அடுத்த உயிரணுச் சுழற்சியின் முதல் கட்டமான ஜி-1 தொடங்கும்போதுதான் இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன.

இதில் முக்கியமானது, நிரப்பும் இயந்திரம் வெற்று டி.என்.ஏ.வைத் தேடிச் செல்வதில்லை. ஏற்கெனவே சென்ப்-ஏ இருக்கும் இடத்தையே தேடுகிறது. பழைய சென்ப்-ஏ நியூக்ளியோசோமைச் சென்ப்-சி பற்றுகிறது. சுண்டெலி உயிரணுக்களில் எம்-18-பி.பி.-1 என்ற புரதத்தை அவ்விடத்துக்கு அழைத்துவருவதில் சென்ப்-சிக்குப் பங்குண்டு. எம்-18-பி.பி.-1 மிஸ்-18 என்ற புரதத் தொகுதியின் உறுப்பு. அத்தொகுதி அமர்ந்த பின், எச்-ஜூர்ப் என்ற துணைப்புரதம் புதிய சென்ப்-ஏயைச் சுமந்து வந்து பொருத்துகிறது. பிரிவுக்கு முன்னதாக இது நிகழாதபடி, உயிரணுச் சுழற்சியை இயக்கும் சி.டி.கே. நொதிகள் தடுக்கின்றன, பிரிவு முடிந்து அவற்றின் செயல் தணிந்ததும், பி.எல்.கே.-1 நொதி பணியைத் தொடங்கி வைக்கிறது. விதைநெல்லை எடுத்து வைத்த குடும்பம் அடுத்த பருவத்திலும் அதே ரகத்தை விளைவிப்பதைப் போல, எஞ்சிய பாதி இருக்கும்வரை சென்ட்ரோமியரின் இடம் அழியாது. அந்தப் பாதியும் தொலைந்துவிட்டால், எழுத்து வரிசை அப்படியே இருந்தும் அவ்விடத்துக்கு அடையாளம் மீள்வது எளிதன்று.

மேற்கண்ட படிகளில் பெரும்பகுதி மனித உயிரணுக்களில் முதலில் கண்டறியப்பட்டுப் பின்னர் சுண்டெலியில் சரிபார்க்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பிரியாமல் நெடுங்காலம் காத்திருக்கும் முட்டைச்செல்லில் இந்த அடையாளம் என்னவாகிறது?

இத்துறையில் நடந்த ஆய்வுகளுள் என்னை மிகவும் ஈர்த்தவை இக்கேள்விக்கு விடை தேடியவை. பெண் சுண்டெலியின் முட்டைச்செல்கள் அது பிறக்கும் முன்பே, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவான மியாசிஸுக்குள் நுழைந்து, முதல் பிரிவின் தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகின்றன. மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கும் மேல், அவை அந்நிலையிலேயே காத்திருக்கும். பிரிவு இல்லையென்றால் ஜி-1 கட்டமும் இல்லை. வழக்கமான நிரப்புதலும் நடக்க வழியில்லை. உயிரணுவிலுள்ள பெரும்பாலான புரதங்கள் நாள்கணக்கில் சிதைந்து புதுப்பிக்கப்படுபவை. அப்படியிருக்கச் சென்ட்ரோமியரின் அடையாளம் அத்தனை காலம் எவ்வாறு தங்குகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பென் பிளாக், மைக்கேல் லாம்ப்சன் ஆகியோரின் குழுக்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான சோதனையை மேற்கொண்டது. ஓய்வுநிலையில் உள்ள முட்டைச்செல்களில் மட்டும் சென்ப்-ஏ மரபணுவை நீக்கிவிட்டு, அந்தச் சுண்டெலிகளை வளர விட்டார்கள். புதிய சென்ப்-ஏ உருவாக வழியின்றி ஓராண்டுக்கும் மேல் கடந்த பின்னும், சென்ட்ரோமியர்களில் சென்ப்-ஏ இருந்தது. குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிந்தன. அந்தத் தாய்கள் கருவுற்றுக் குட்டிகளும் ஈன்றன. முன்பே பொருத்தப்பட்ட அதே புரத மூலக்கூறுகள் இடம்பெயராமல் அத்தனை காலம் நின்றிருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தருவது கடினம். டி.என்.ஏ.வின் எழுத்தில் அடங்காத ஒரு மரபுத் தகவல், புரதத்தின் உறுதியால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

விந்தணுவில்?

விந்தணு முதிரும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பாலானவை அகற்றப்பட்டு, புரோட்டமின்கள் என்ற வேறு புரதங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. சென்ப்-ஏ மட்டும் அகற்றப்படாமல் தங்குகிறது. ஆகவே தந்தை வழிக் குரோமோசோம்களும் தம் சென்ட்ரோமியர் அடையாளத்துடனேயே முட்டைக்குள் நுழைகின்றன.

சென்ப்-பி இல்லாத சுண்டெலி உயிர்வாழ்கிறதாமே?

ஆம். சிறிய சாட்டிலைட்டின் அலகில் 17 கார இணை நீளமுள்ள ஒரு சிறு வரிசை உண்டு. சென்ப்-பி பெட்டி என அதை அழைப்பார்கள். சென்ப்-பி புரதம் எழுத்து வரிசையை அறிந்து அந்த இடத்தில் நேரடியாகப் பொருந்துகிறது. மனிதரின் சென்ட்ரோமியர் வரிசை சுண்டெலியினுடையதிலிருந்து முற்றிலும் வேறுபட்டிருந்தும் இந்தப் பெட்டி மட்டும் இரண்டிலும் காணப்படுவதால், சென்ட்ரோமியரின் திறவுகோல் இதுவே என்று ஒரு காலத்தில் பலரும் எண்ணினார்கள். 1998-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே சென்ப்-பி மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கின. அவை பிறந்தன, வளர்ந்தன, இனப்பெருக்கமும் செய்தன. உடல் எடையும் விரை எடையும் சற்றுக் குறைந்திருந்தன. ஒய் குரோமோசோமில் சென்ப்-பி பெட்டி இல்லை என்பதும் இம்முடிவுக்கு ஒத்துப்போகிறது.

அதனால் சென்ப்-பி வீணானது என்று ஒதுக்கிவிடக் கூடாது. சென்ட்ரோமியரில் சென்ப்-சி போதுமான அளவில் தங்குவதற்கு அது துணைநிற்கிறது. சென்ப்-சி இல்லையேல் கரு தொடக்க நிலையிலேயே இறந்துவிடும். கட்டாயத் தேவையாக இல்லாமல் உறுதியைக் கூட்டும் துணையாக இருப்பது என்று சென்ப்-பியின் பங்கை விளக்குவதே பொருத்தம்.

பெரிய சாட்டிலைட்டின் பணி என்ன? கைனிட்டோகோரைத் தாங்காத அது ஏன் இவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

பெரிய சாட்டிலைட் பகுதி இறுகிய ஹெட்டரோகுரோமாட்டினாக அமைந்துள்ளது. எஸ்.யூ.வி.39-எச்-1, எஸ்.யூ.வி.39-எச்-2 என்ற இரு நொதிகள் அங்குள்ள எச்-3 ஹிஸ்டோனின் ஒன்பதாவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கின்றன, எச்.பி.-1 என்ற புரதம் அந்தக் குறியைப் பற்றிக்கொண்டு அப்பகுதியை இறுக்குகிறது. சகோதரிக் குரோமாட்டிடுகளைப் பிணைக்கும் கொஹீசின், தவறான பற்றுகளைத் திருத்தும் அரோரா-பி நொதி ஆகியவை சென்ட்ரோமியரின் சுற்றுப்புறத்தில் செறிந்திருப்பது பிரிவின் துல்லியத்துக்கு இன்றியமையாதது. எஸ்.யூ.வி.39 நொதிகள் இரண்டும் இல்லாத சுண்டெலிகளில் குரோமோசோம் எண்ணிக்கை குழம்புவதும், புற்றுநோய் வாய்ப்பு கூடுவதும், விந்தணு உருவாக்கம் தடைப்படுவதும் 2001-இல் காட்டப்பட்டது.

குரோமோசென்டரில் குரோமோசோம்கள் ஒன்றுதிரள்வதும் தற்செயல் அன்று. எச்.எம்.ஜி.ஏ.-1 என்ற புரதம் பெரிய சாட்டிலைட்டைப் பற்றி அவற்றைக் கட்டிவைக்கிறது. அப்புரதத்தைக் குறைத்தால் திரள் கலைந்து, குரோமோசோம்களின் பகுதிகள் உட்கருவிலிருந்து வெளியேறிச் சிறு உட்கருக்களாகப் பிரிகின்றன என 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாக் குரோமோசோம்களிலும் ஒரே சாட்டிலைட் வரிசை இருப்பதற்கு இது ஒரு பயன் என அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கருவின் தொடக்கத்தில் குரோமோசென்டர்களே கிடையாது என்பதும் குறிப்பிடத்தக்கது. கருவுற்ற முட்டையில் பெரிசென்ட்ரோமியர்கள் உட்கருமணிக்கு முன்னோடியான உருண்டைகளைச் சுற்றி வளையங்களாக அமைந்திருக்கும். இரு-உயிரணு நிலையில் பெரிய சாட்டிலைட்டிலிருந்து ஆர்.என்.ஏ. குறுகிய காலத்துக்கு மிகுதியாக உருவாகிறது, அந்த ஆர்.என்.ஏ.வைச் செயலிழக்கச் செய்தால் குரோமோசென்டர்கள் அமையாமல் கருவின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. பயனற்ற டி.என்.ஏ. என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட பகுதி இது.

சுண்டெலிக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைவது எதனால்?

இரு குரோமோசோம்கள் சென்ட்ரோமியர் முனைகளில் இணைந்து, நடுவில் சென்ட்ரோமியர் கொண்ட ஒரே குரோமோசோமாக மாறுவது ராபர்ட்சோனிய இணைவு எனப்படும். சுண்டெலியில் டெலோமியருக்கு அடுத்தே சிறிய சாட்டிலைட் இருப்பதும், அது எல்லாக் குரோமோசோம்களிலும் ஒரே வரிசையாக இருப்பதும் இவ்விணைவுக்கு வாய்ப்பளிக்கின்றன. முறிவு சிறிய சாட்டிலைட்டுக்குள் நிகழ்கிறது, டெலோமியர்கள் இழக்கப்படுகின்றன, இருபுறத்திலிருந்தும் எஞ்சிய சிறிய சாட்டிலைட் துண்டுகள் சேர்ந்து புதிய சென்ட்ரோமியராக அமைகின்றன.

சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் வாழும் சுண்டெலிகளுக்கு 40-க்குப் பதிலாக 26 குரோமோசோம்களே இருப்பதை ஆல்ஃபிரட் குரோப் கண்டறிந்தார். ஏழு இணைவுகள் இரு பிரதிகளிலும் நிலைபெற்றதன் விளைவு அது. போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவில், மனிதக் குடியேற்றத்தோடு வந்து சேர்ந்த சுண்டெலிகள் மலைகளால் பிரிக்கப்பட்ட பள்ளத்தாக்குகளில் ஆறு தனித்தனிக் குரோமோசோம் இனங்களாகப் பிரிந்துள்ளன என்றும், சிலவற்றில் எண்ணிக்கை 22 வரை குறைந்துள்ளது என்றும் ஜானிஸ் பிரிட்டன்-டேவிடியன் குழுவினர் 2000-இல் தெரிவித்தனர். சில நூற்றாண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது.

இணைவு அவ்வளவு விரைவில் ஓர் இனம் முழுவதும் எவ்வாறு பரவுகிறது?

இணைந்த குரோமோசோம் ஒன்றும் இணையாதவை இரண்டும் சேர்ந்த கலப்பு விலங்கில் மியாசிஸ் தடுமாறும், கருவுறுதிறனும் குறையும். அப்படியிருக்க இணைவு மறைந்துபோக வேண்டும் அல்லவா? விடை பெண்ணின் மியாசிஸில் உள்ளது. அங்கே நான்கு பங்குகளில் ஒன்று மட்டுமே முட்டையாகிறது. மற்றவை துருவ உறுப்புகள் எனும் மிகச் சிறிய உயிரணுக்களில் சேர்ந்து அழிகின்றன. முட்டையின் பக்கம் போய்ச் சேரும் குரோமோசோமுக்கு மட்டுமே எதிர்காலம் உண்டு. ஒரு சென்ட்ரோமியர் தன் இணையைவிட அடிக்கடி முட்டையில் தங்க வல்லதாயின், உடலுக்கு எந்த நன்மையும் தராவிட்டாலும் அது இனத்தில் பெருகும்.

லாம்ப்சனின் குழுவினர் இதைச் சுண்டெலி முட்டைச்செல்களில் நேரடியாகக் கண்டார்கள். கைனிட்டோகோர்ப் புரதங்கள் மிகுந்திருக்கும் சென்ட்ரோமியர் வலிமையானது எனக் கொண்டால், இணைந்த குரோமோசோம் வலிமையாகவும் இணையாதவை வலிமை குன்றியும் இருக்கும் சூழலில் இணைந்தது முட்டையில் தங்குகிறது. நிலைமை தலைகீழானால் அது துருவ உறுப்புக்குத் தள்ளப்படுகிறது. 2014-இல் வெளியான இந்த முடிவு, சில நிலப்பகுதிகளில் இணைவுகள் குவிந்தும் வேறு பகுதிகளில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பதற்குக் காரணம் காட்டியது.

வலிமை டி.என்.ஏ.வில் பதிந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சி.எஃப்.-1 என்ற ஆய்வகச் சுண்டெலி வகையின் சென்ட்ரோமியர்களில் உள்ள சிறிய சாட்டிலைட், சி.எச்.பி.ஓ. என்ற வகையில் உள்ளதைப் போல ஆறு முதல் பத்து மடங்கு. இவ்விரு வகைகளின் கலப்பினத்தில் ஒரே முட்டைச்செல்லுக்குள் வலிமையான சென்ட்ரோமியரும் மெலிந்ததும் எதிரெதிரே இணைந்து நிற்கும். சிறிய சாட்டிலைட் மிகுந்திருப்பது சென்ப்-ஏ அமரும் இருக்கைகளைக் கூட்டுகிறது. அதன்வழி கைனிட்டோகோரும் பெரிதாகிறது.

அந்த வலிமை எவ்வாறு முட்டைப் பக்கம் திரும்ப உதவுகிறது? கதிர்கோல் முட்டைச்செல்லின் விளிம்பை நோக்கி நகரும்போது, விளிம்புக்கு அருகிலுள்ள பாதியின் நுண்குழல்கள் டைரோசின் சேர்ந்த டியூபுலினை (நுண்குழலின் கட்டுமானப் புரதம்) மிகுதியாகப் பெறுகின்றன. துருவ உறுப்பாகப் பிரியப்போகும் பக்கம் அதுதான். அவ்வகை நுண்குழல்களில் கொண்ட பற்று எளிதில் அறுபடும். வலிமையான சென்ட்ரோமியர், பி.யூ.பி.-1 என்ற நொதியின் வழியாக, பற்றை அறுக்கும் எம்.சி.ஏ.கே. போன்ற புரதங்களை மிகுதியாகத் திரட்டுகிறது. அதனால் விளிம்புப் பக்கம் பற்றியிருந்த வலிமையான சென்ட்ரோமியர் அங்கிருந்து விடுபட்டு, எதிர்ப்புறமான முட்டைப் பக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் வலுவாகப் பற்றுவதைவிட, வேண்டாத இடத்தில் பற்றை விடும் திறனே இங்கு வெற்றியைத் தருகிறது என்பது எதிர்பாராத முடிவாக இருந்தது.

எல்லாச் சுண்டெலி இனங்களிலும் இதே வரிசைகள்தானா?

இல்லை. நெருங்கிய உறவினமான மஸ் ஸ்பிரீட்டஸில் அளவுகள் தலைகீழாக உள்ளன. சிறிய சாட்டிலைட் மிகுதி, பெரிய சாட்டிலைட் சொற்பம். மஸ் கரோலியில் 60, 79 கார இணை அலகுகள் கொண்ட வேறு வரிசைகள் சென்ட்ரோமியரில் அமைந்துள்ளன. பணி மாறாதிருக்க, அதைத் தாங்கும் டி.என்.ஏ. மட்டும் இவ்வளவு விரைவாக மாறுவதற்கு, முன் கேள்வியில் கண்ட போட்டியே உந்துதல் எனப் பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

சுண்டெலி மரபணுத்தொகுதி 2002-இலேயே வெளியாயிற்றே. சென்ட்ரோமியரின் வரிசை அதில் ஏன் இல்லை?

ஒரே 120 எழுத்துகள் ஆயிரக்கணக்கான முறை திரும்ப வரும் பகுதியைச் சிறு துண்டுகளாகப் படித்தால், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பதைக் கூற வழியில்லை. ஆகவே சி57பி.எல்./6ஜே வகையைக் கொண்டு அமைக்கப்பட்ட மேற்கோள் வரிசையில் அப்பகுதிகள் வெற்றிடமாக விடப்பட்டன. பொதுவில் கிடைக்கும் அந்தக் கோப்பில் 1-ஆம் குரோமோசோமைத் திறந்தால், முதல் 30 லட்சம் எழுத்துகளும் தெரியாத காரத்தைக் குறிக்கும் ‘என்’ என்ற எழுத்தாகவே இருப்பதைக் காணலாம். ஒய் தவிர்த்த பிற குரோமோசோம்களின் தொடக்கமும் இப்படியே. 30 லட்சம் என்பது அளந்து கண்ட நீளம் அன்று. இடம் ஒதுக்குவதற்காக ஒரே சீராக வைத்துக்கொண்ட எண். குரோமாட்டின் தரவுகளை அந்த வரிசையோடு பொருத்துபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. சென்ப்-ஏ குறித்த தரவில் மிகப் பெரும்பகுதி பொருந்த இடமின்றி வழக்கமான வடிகட்டலிலேயே வெளியேறிவிடும். சிறிய சாட்டிலைட்டின் பொது வரிசையைத் தனியே சேர்த்து ஒப்பிட்டால்தான் அது கண்ணில் படும்.

பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீள்வாசிப்புக் கருவிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. ஒற்றைக் குரோமோசோம் தொகுதி மட்டுமே கொண்ட சுண்டெலிக் கருக்குருத்தணுவைப் பயன்படுத்தி, நுனி முதல் நுனி வரை முழுமையான வரிசை 2024-இல் வெளியிடப்பட்டது. இரு பெற்றோரின் பிரதிகளும் கலந்து குழம்பாதிருக்கவே அவ்வகை உயிரணு தேர்ந்தெடுக்கப்பட்டது. சாட்டிலைட் அடுக்குகளுக்குள் எந்த அலகு எங்கே மாறுபடுகிறது, சென்ப்-ஏ அவற்றுள் எந்த நீட்சியில் அமர்கிறது என்பவற்றை இனி குரோமோசோம் வாரியாகவும் வகை வாரியாகவும் கேட்க முடியும்.